நெல்லுக்குக் காப்பீடு உண்டு, நெல் அடுக்கிய வீட்டுக்கு?

கடந்த மே மாதம் ஒரு மாலையில், நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் என்னை அழைத்தார். சூறைக்காற்றும் அதைத் தொடர்ந்து கால் மணி நேரம் கொட்டிய ஆலங்கட்டி மழையுமாகச் சேர்ந்து, அவருடைய வீட்டுப் பின்கட்டில் பதினோரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை உடைத்துவிட்டன. உள்ளே இருந்த தொலைக்காட்சிப் பெட்டியும் நெல் மூட்டைகளும் நனைந்துபோயின. "கவலை இல்லைங்க சார், லோன் போடும்போதே இன்ஷூரன்ஸ் பிடிச்சுட்டாங்க" என்று சொல்லி, நான் நேரில் போனபோது, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். அது அவருடைய உயிருக்கான காப்பீடு. அவர் இறந்தால் கடன் பாக்கியை அடைக்கும். கூரை பறந்தால் ஒரு ரூபாயும் தராது. இந்தத் தாளை இப்படி நம்பிக்கையோடு என்னிடம் நீட்டியவர்களில், ஒரே கோடையில் அவர் மூன்றாமவர்.

நான் வீடு, கடை போன்ற உடைமைகளுக்கான பொதுக் காப்பீட்டு இழப்புகளை மதிப்பிடும் சர்வேயர். (சர்வேயர் என்றதும் நிலம் அளக்க வந்தவன் என்று எண்ணி, வரப்புத் தகராற்றைச் சொல்லத் தொடங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் உண்டு.)

டெல்டாவில் ஆலங்கட்டி மழை அரிது என்பது உண்மைதான். ஓசூர், தருமபுரி, நீலகிரி போன்ற மேட்டுப் பகுதிகளில் விழுகிற அளவுக்கு இங்கே விழுவதில்லை. நம் வானில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கட்டிகளில் பெரும்பாலானவை கீழே வருவதற்குள் கரைந்துவிடுகின்றன. மார்ச் முதல் மே வரையிலான இடிமழையில் எப்போதாவது விழும் கட்டிகளும் பெரும்பாலும் புளியங்கொட்டை அளவைத் தாண்டுவதில்லை. நல்ல காங்கிரீட் தளத்தை அவை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் இருபது ஆண்டுகள் வெயிலில் காய்ந்த ஷீட்டையும், மாடியில் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களையும் அவை சும்மா விடுவதில்லை. சோலார் பேனல்களை 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதிக்கிறார்கள் என்பதால், தரமான பேனல் நம் ஊர்க் கட்டிக்குத் தாங்கும். அதைத் தாங்கி நிற்கும் சட்டத்தைக் காற்று பெயர்க்குமா என்பதே அங்கே கேள்வி. இழப்பில் பெரும்பகுதியைச் செய்வது கட்டி அல்ல, அதனுடன் வரும் காற்றுதான் என்பதைப் பல கூரைகளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். வீட்டுக் கடனோடு இரண்டு வகையான காப்பீடு வரலாம். ஒன்று, கடன் வாங்கியவரின் உயிருக்கானது. மற்றொன்று, கட்டடத்துக்கானது. இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்து வாங்குவதாலோ, முதலாவதை மட்டும் விற்றுவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் விடுவதாலோ, எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் நம் மக்களிடம் வேரூன்றிவிட்டது. உங்களிடம் உள்ள தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். காப்பீடு செய்யப்பட்டது எது என்ற இடத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் இருந்தால், அது உங்களுக்கானது; வீட்டின் முகவரியும் கட்டடத்தின் பரப்பளவும் இருந்தால்தான் அது வீட்டுக்கானது. கட்டடத்துக்கான காப்பீடே இருந்தாலும், அது கடன் தொகையின் அளவுக்கு மட்டும் எடுக்கப்பட்டதா, கடன் முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்த மகிழ்ச்சியில், வீடு காப்பீடு இல்லாமல் நிற்பதைக் கவனிக்காதவர்கள் ஏராளம்.

எனக்கு உண்மையிலேயே வியப்பளிப்பது வேறு. சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யக் கடைசித் தேதி எது, பயிர் விவரம் காட்டும் அடங்கல் எங்கே வாங்குவது என்பதெல்லாம் நம் விவசாயிகளுக்கு மனப்பாடம். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை தனி வயலுக்கான இழப்பாகக் கருதப்படும், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைக்கூட எனக்கே சொல்லித் தருகிறார்கள். அந்த நெல்லை விளைவித்தவர் படுக்கும் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் இருப்பதில்லை. அரசு நிவாரணம் வருமே என்கிறீர்களா? ஆலங்கட்டி மழை அதற்கான பேரிடர்ப் பட்டியலில் உண்டுதான். ஆனால் 2022-26 காலத்துக்கான மத்திய அரசின் விதிமுறையில், குறைந்தது 15 விழுக்காடு பகுதியளவு சேதமடைந்த ஓர் உறுதியான வீட்டுக்குக் குறிக்கப்பட்ட தொகை 6,500 ரூபாய். அதில் எத்தனை ஷீட் வாங்கலாம் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. புயல், சூறைக்காற்று, வெள்ளம், மின்னல் ஆகியவை அதில் அடங்கும். ஆலங்கட்டியால் மட்டும் நேரும் சேதத்தை எந்தப் பிரிவில் ஏற்பார்கள் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுத் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் சேராது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம்; அதில் 20 விழுக்காடு, அதாவது 4 லட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும் (உச்ச வரம்பு 10 லட்சம்). விற்பதற்கு வைத்திருக்கும் நெல் பொதுவாக வீட்டுப் பொருள் ஆகாது என்பதையும் மூட்டை அடுக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கூரையை மாசியிலேயே பார்த்துவிடுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட் கொக்கிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, வாஷர்கள் வெடித்திருக்கின்றனவா, ஓரத்து ஷீட்டுகள் ஆடுகின்றனவா என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு நான் பார்த்த கூரைகளில், ஷீட் முழுதாகவே கிடக்க, அதைப் பிடித்திருந்த கொக்கிகள் மட்டும் நைந்துபோயிருந்த இடங்கள் பல. தேய்மானத்தால் ஆன சேதத்துக்குக் காப்பீடு இல்லை. நான் அப்படி எழுதும்போது என்னைத் திட்டிப் பயனில்லை.

மழை விட்டதும் ஷீட்டின்மேல் ஏறாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நனைந்த, பாசி படிந்த, நுண்ணிய விரிசல் விட்ட பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது; விரிசல் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஏறித்தான் ஆகவேண்டுமென்றால், தெரிந்த ஆளை அழைத்து, பலகை போட்டு, சட்டத்தின்மேல் கால் வைக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் அறுக்கவோ நொறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மறைக்கும் முகக்கவசம் அணிந்து, சாக்கில் கட்டி ஒதுக்கி வையுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

அதே சமயம், சர்வேயர் வந்து பார்க்கட்டும் என்று கூரையைத் திறந்தபடியே போட்டுவைப்பதும் தவறு. முதலில் நாலாபக்கமும் படம் எடுங்கள், கரைவதற்குள் கட்டிகளை ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்தும் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பிறகு உடனே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதைத் தொலைத்துவிட வேண்டாம். இழப்பு மேலும் பெருகாமல் தடுக்க வேண்டியது காப்பீடு வைத்திருப்பவரின் கடமை. மறுநாள் மழையில் நனைந்த மெத்தைக்கு முதல் நாள் மழையைக் காரணம் காட்டினால், என்னால் அதை எழுத முடியாது.

நீடாமங்கலத்துக்காரர் கைக்காசில் புது ஷீட் போட்டுவிட்டார் என்று போன வாரம் சொன்னார். கொக்கிகளையும் மாற்றினீர்களா என்று கேட்டேன். பழையதே நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.