பிளேஸ்டேஷன் 2-ஐ எல்இடி டிவியில் மாட்டினால் படம் ஏன் மங்குகிறது?

2000-இல் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது வீடுகளில் இருந்தது பிக்சர் டியூப் டிவி. அதனால் பெரும்பாலான கேம்கள் 480ஐ (480i) சிக்னலையே தருகின்றன. நொடிக்கு 60 முறை, ஒரு தடவை ஒற்றைப்படை வரிகள் 240, அடுத்த தடவை இரட்டைப்படை வரிகள் 240. (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் PAL டிவி முறைக்கான கேம்கள் என்றால் பெரும்பாலும் 576ஐ (576i), 50 முறை.) டியூப் டிவி வந்த வரியை வந்தபடி வரைந்துவிடும். எல்இடி டிவியோ இரண்டு பாதிகளையும் கோத்து, பிறகு 1080 அல்லது 2160 வரிகளுக்கு இழுக்க வேண்டும். வேகமாக நகரும் காரின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிவதும், பட்டனை அழுத்தியபின் ஆள் தாமதமாகக் குதிப்பதும் இந்த இடத்தில்தான் வருகின்றன.

ஆனால் முதலில் மாற்ற வேண்டியது கேபிள். கன்சோலோடு வந்த மஞ்சள் பின்னில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவியால் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது அதனால்தான். பச்சை, நீலம், சிவப்பு என மூன்று பின் உள்ள காம்போனென்ட் கேபிளில் இந்தக் கலப்பே இல்லை.

மஞ்சள் கேபிள் இருக்கும்போதே கன்சோலின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'காம்போனென்ட் வீடியோ அவுட்' என்பதை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய்-பிபி-பிஆர் பக்கம் மாற்றிவிடுங்கள். மறந்தால் நிறம் கெடும், அல்லது படமே வராது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவியில் காம்போனென்டுக்குப் பதில் ஏவி தேர்வாகியிருக்கும்.

மஞ்சள் பின்னை ஏற்கும் மலிவான ஏவி-எச்டிஎம்ஐ பெட்டி காசுக்குப் பிடித்த கேடு. கலங்கிய சிக்னலைத்தான் அது பெரிதாக்கிக் கொடுக்கிறது. செலவழிக்க முடிந்தால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற ஸ்கேலர், அதாவது சிக்னலைப் பெரிதாக்கித் தரும் தனிப்பெட்டி, நல்லது. வரிகளைக் கோக்கும் வேலையை டிவியைவிடச் சீக்கிரமாகவும் நேர்த்தியாகவும் முடித்து 1080பி-யாக (1080p, எல்லா வரிகளும் ஒரே தடவையில்) தரும். ஓஎஸ்எஸ்சி (OSSC) என்ற இன்னொரு பெட்டியில் தாமதம் அநேகமாக இல்லை, ஆனால் 480ஐ கேம்களில் படம் நடுங்கும்.

சில கேம்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பில் 480பி-யைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு சிலவற்றில் கேம் தொடங்கும்போது முக்கோணம், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அந்தத் தேர்வு திரையில் வரும்.

டிவியில் கேம் மோடை ஆன் செய்து, ஷார்ப்னஸைக் குறைத்து, அகலத் திரை வசதி இல்லாத கேம்களுக்கு 4:3 வையுங்கள். முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்கைப் போட்டதும் படம் மறைந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம்: அந்தக் கேம்கள் பெரும்பாலும் 240பி, காம்போனென்ட் வழியாக அதை ஏற்காத டிவிகள் ஏராளம்.