சைனிஸ்ட்ரல் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்: இடப்பக்க வாயிற்சிரை மிகையழுத்தம்

இரத்த வாந்தி எடுத்தவரின் அறிக்கையில் 'ஹைப்பர்டென்ஷன்' என்று இருந்தால், பிரஷர் கூடிவிட்டது என்றே வீட்டார் நினைப்பார்கள். அது வேறு, இது வேறு. கையில் பட்டை கட்டி அளப்பது தமனியின் அழுத்தம். இங்கே ஏறியிருப்பது வயிற்றுக்குள் இருக்கும் சிரைகளின் அழுத்தம். 'உயர் இரத்த அழுத்தம்' முன்னதற்கே பெயராகி நிலைத்துவிட்டதால், இதை 'மிகையழுத்தம்' என்பதே குழப்பம் தராது.

'போர்ட்டா' இலத்தீனில் வாயில். கல்லீரலின் அடியில் இரத்தநாளங்கள் நுழையும் பிளவுக்கு அந்தப் பெயர். அதன் வழியே புகுவது வாயிற்சிரை. குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்ப்பது இதுதான். 'சைனிஸ்டர்' என்றால் இடது. அபசகுனம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மருத்துவம் எடுத்துக்கொண்டது திசையை மட்டும்.

அந்த 'இட' என்ற அடைமொழியில்தான் நோயின் சூட்சுமமே இருக்கிறது. வாயிற்சிரை மிகையழுத்தம் என்றதும் கல்லீரல் இறுக்க நோயே (சிரோசிஸ்) நினைவுக்கு வரும். இந்த அரிய வகையில் கல்லீரல் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அடைப்பு மண்ணீரல் சிரையில். அது கணையத்தின் பின்புறத்தை ஒட்டி ஓடுவதால், கணைய அழற்சியிலோ கணையக் கட்டியிலோ நசுங்கி, உள்ளே இரத்தம் உறைந்துவிடும். வழியடைந்த இரத்தம் குட்டை இரைப்பைச் சிரைகளுக்குள் திரும்பி, இரைப்பையின் மேல் குவிவுக்குப் பாயும். அங்குள்ள மெல்லிய சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்ளும். இவையே 'வேரிக்ஸ்', தமிழில் சுருள்சிரை. ஒன்று வெடித்தாலும் இரத்த வாந்தி வரும், அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போகும். இரண்டுமே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

கல்லீரல் நன்றாக இருந்து, மண்ணீரல் வீங்கி, இரைப்பையில் மட்டும் சுருள்சிரை தெரிந்தால் மருத்துவர் இந்நோயை ஐயுற வேண்டும். காரணம், சிகிச்சையே மாறிவிடுகிறது. கசிவை உள்நோக்கிக் குழாய் (எண்டோஸ்கோப்) வழியே பசை செலுத்தி நிறுத்தலாம். மண்ணீரலை அகற்றினால் அந்தச் சிரைகளுக்குள் பாயும் இரத்தமே நின்றுவிடும். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு மண்ணீரல் தமனியை அடைப்பதும் உண்டு. மண்ணீரலை இழப்பவருக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயம். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது.