கவ்வுகட்டு: ஃபிரிக்ஷன் ஹிட்ச்சுக்குத் தமிழில் என்ன பெயர்?

குலசேகரம் பக்கம் என் தங்கை மகன் மரக்கொப்பு வெட்டுகிற வேலைக்குப் போகிறான். இங்கே வேலை இல்லாத நாளில் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் போவான். வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிற அயனியை அடியோடு வெட்டிச் சாய்க்க முடியாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். அதற்குக் கயிற்றில் ஏறுகிறான். கொப்பிலிருந்து தடித்த கயிறு ஒன்று தொங்கும். மெல்லிய கயிறு ஒன்றை அதன்மேல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இடுப்புப் பட்டையில் மாட்டியிருப்பான். கையால் தள்ளினால் அந்தச் சுற்று மேலே நகர்கிறது. உடம்பைத் தொங்கவிட்டால் நின்ற இடத்திலேயே கவ்விக்கொள்கிறது.

"இதுக்குப் பேரு என்னடே?"

"ஃபிரிக்ஷன் ஹிட்ச் மாமா."

"தமிழ்ல?"

"கயிறுதான்."

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உராய்வு முடிச்சு' என்று வரும். எனக்கு அதில் இரண்டு பாதியும் ஒப்பவில்லை.

முதலில் முடிச்சு. முடிச்சு தன்னந்தனியாக நிற்கும். முந்தானையில் சில்லறையை முடிந்து வைக்கிறோம், தாலிக்கு மூன்று முடிச்சுப் போடுகிறோம். முடிச்சு விழுந்த கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தாலும் அது முடிச்சாகத்தான் இருக்கும். ஹிட்ச் அப்படியில்லை. அது சுற்றிப் பிடித்திருக்கும் பொருளை உருவிவிட்டால், சுற்றெல்லாம் கலைந்து வெறுங்கயிறு கையில் நிற்கும். மாட்டை முளையில் கட்டுகிறோம், தோணியைக் குற்றியில் கட்டுகிறோம், யாரும் முடிவதில்லை. ஆங்கிலக் கப்பற்காரர்கள் நாட், ஹிட்ச் என்று இரண்டு பெயர்ச்சொல் வைத்துப் பிரித்த வேறுபாட்டை நாம் முடி, கட்டு என்ற இரண்டு வினையில் எப்போதும் வைத்திருக்கிறோம். ஹிட்ச் என்பதோ தொடக்கத்தில் வெடுக்கென்று இழுப்பதைக் குறித்த வினை. கயிற்றுப் பொருள் பிறகு ஏறியது. அதன் வேர் தெளிவில்லாதது. ஆக, நமக்கு அது கட்டு.

அடுத்தது உராய்வு. விசையின் பெயராக அது சரி. ஆனால் பேச்சில் உராய்தல் என்றால் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தேய்வது. மூங்கில் உராய்ந்து காடு பற்றும் என்போமே, அது. இந்தக் கட்டில் நடக்கக்கூடாதது அதுதான். சுமையோடு சறுக்கினால் சூடேறும். நைலானில் ஒரு வகை சுமார் 220 டிகிரியிலும் இன்னொரு வகை 260 டிகிரி பக்கத்திலும் உருகிவிடும். டைனீமா என்ற செயற்கை இழை வலுவில் பெரிய ஆள்தான். ஆனால் 150 டிகிரிக்குள் கதை முடிந்துவிடும், போதாக்குறைக்கு வழுக்கல் வேறு. அதனால்தான் இந்தக் கட்டுக்கான கயிறுகளில் உருகாத அராமிட் இழையைச் சேர்க்கிறார்கள். உராய்வு முடிச்சு என்று பெயர் வைப்பது விபத்தின் பெயரை வைப்பது போல.

இதன் வரலாறு ஆஸ்திரியாவில் இருக்கிறது. கார்ல் புரூசிக் என்ற மலையேற்றக்காரர் 1931-இல் எழுதி வெளியிட்ட கட்டு இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஒரு கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றைச் சுற்றி அந்த வளையத்துக்குள்ளேயே மூன்று தரம் நுழைத்து இழுத்தால் புரூசிக். மேலும் கீழும் ஒரே மாதிரி பிடிக்கும். மரமேறிக் கொப்பு வெட்டுகிறவர்கள் விரும்பும் இன்னொன்று பிளேக் கட்டு. ஜேசன் பிளேக் என்ற அமெரிக்கர் 1994-இல் அதை எழுதினார். ஆனால் ஹைன்ஸ் புரொகாஸ்கா என்ற ஆஸ்திரியர் 1981-இலேயே அதை வெளியிட்டிருந்தார். கண்டவர் ஒருவர், பெயர் ஒருவருக்கு. பிரெஞ்சுக்காரர் ஒரு கட்டை 'ஆவோஸ்தா பள்ளத்தாக்குப் பின்னல்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். தடித்த கயிற்றைச் சடைபோல் பின்னிக்கொண்டு இறங்குவது அது. ஊர்ப்பெயரையும் வடிவத்தையும் சேர்த்து வைத்த அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

எப்படிப் பிடிக்கிறது? குளச்சல் கரையில் குற்றியைச் சுற்றி வடத்தை வளைத்து ஒற்றை ஆள் ஒரு வள்ளத்தையே நிறுத்துவதைப் பார்த்தால் பாதி புரியும். கணித அறிஞர் ஆய்லர் சொன்ன கணக்குப்படி சுற்று கூடக்கூடப் பிடி பெருக்கலில் கூடும். உராய்வுக் கெழு 0.25 என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மடங்கு, மூன்று சுற்றுக்கு 100 மடங்குக்கு மேல். மீதிப் பாதி, சுமை விழும்போது தடித்த கயிறே நசுங்கிச் சற்று வளைவதில் இருக்கிறது, குற்றி நசுங்காதே. சுற்றுகிற கயிறு பொதுவாகத் தடித்ததைவிட மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதும் இதனால்தான். ரொம்ப மெல்லிசானால் கவ்வியதை அவிழ்க்கப் படாதபாடு.

போன இடவப்பாதி மழையில் மருமகன் புதிதாக ஒரு சுற்றுமுறை யோசித்தான். வீட்டுச் சக்கை மரத்தில் கயிறு கட்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில்தான் சோதனை. முதலில் கையால் தொங்கினான், பிறகு உட்கார்ந்தான், பிறகு குதித்துக் குதித்து உட்கார்ந்தான். காய்ந்த கயிற்றில் அருமையாகப் பிடித்தது. மறுநாள் நனைந்த கயிற்றில் சரசரவென்று இறங்கிப் பின்பக்கம் தரையில் பட்டது. அவன் கயிற்றைத் திருப்பிக் காட்டினான். உட்பக்கத்தில் நகக்கண் அளவு இடம் பளபளவென்று கண்ணாடி பூசினாற்போல் இருந்தது. தொட்டால் சொரசொரப்பே இல்லை. ஒரு அடிச் சறுக்கலுக்கே அப்படி. அந்தத் துண்டை அரிவாளால் வெட்டிக் கொடிக் கம்பிக்குப் பதிலாகக் கட்டிவிட்டான்.

"பிடிக்குதா, விடுதா, விட்டது திரும்பப் பிடிக்குதா, மூணும் பாக்கணும் மாமா. மூணாவதுதான் ஆளக் கொல்லும்" என்றான். ஒரு முறை தளர்த்திய சுற்று மறுபடி இறுகாமல் நீளவாக்கில் தொங்கினால் நேரே கீழேதான்.

இனிப் பெயருக்கு வருகிறேன். பனையேறி காலில் மாட்டும் தளைநார் முதலில் நினைவுக்கு வந்தது. மலையாளத்தில் அதே வேரில் தளப்பு. ஆனால் தளை என்றால் விலங்கு, யாப்பில் சீரையும் சீரையும் பிணைப்பது, விட்டுக்கொடுக்காத சொல். மலையாளத்துக் குடுக்கு நெருங்கி வருகிறது. சுருக்குக்கும் சட்டைப் பித்தானுக்கும் அதே சொல். கூடவே 'ஊராக்குடுக்கு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், கழற்ற முடியாத சிக்கல் என்று பொருள். மரத்தின் உச்சியில் அந்த நினைப்பு வேண்டாம்.

கவ்வு என்ற வினைதான் சரியாக உட்கார்ந்தது. பூனை குட்டியைக் கவ்வும், பிறகு விடும், திரும்பக் கவ்வும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் தொடங்கிய 'தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்' (தென்னையின் தோழர் கூட்டம்) பயிற்சியில் இளைஞர் ஏறிய தென்னை இயந்திரத்தின் கம்பிவடமும் மிதித்தால் மரத்தைக் கவ்வும், காலைத் தூக்கினால் விடும். எனவே கவ்வுகட்டு. வினைத்தொகை, ஊறுகாய் போல; நடுவில் க் போடவேண்டாம். புரூசிக், பிளேக் என்ற ஆள்பெயர்களை அப்படியே விட்டு, புரூசிக் கவ்வு, பிளேக் கவ்வு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மருமகன் ஒரு வாரத்திலேயே 'கட்டு' என்ற பாதியை உதறிவிட்டான். "மாமா, கவ்வு நனஞ்சு போச்சு, இண்ணைக்கு ஏறல்ல" என்று போனில் சொல்கிறான். பாறசாலைக் கூட்டாளி மட்டும் இப்போதும் குடுக்கு என்கிறார்.