ஒரே கஜானா, தனித்தனி அடுப்பு

1920-இல் பிரிட்டனின் துறைமுகக் கூலியை விசாரிக்க ஷா பிரபு தலைமையில் ஒரு மன்றம் கூடியது. ஒரு தொழிலாளியின் குடும்பம் எவ்வளவு பணத்தில் சாப்பிட்டுப் பிழைக்கலாம் என்று முதலாளிகள் தரப்பு நிபுணர் கணக்குக் காட்டினார். தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடிய எர்னஸ்ட் பெவின் அந்தக் கணக்கை மறுத்துப் பேசியதோடு நிற்கவில்லை. அந்தத் தொகைக்கு என்ன கிடைக்குமோ அதைச் சந்தையில் வாங்கிச் சமைத்து, தட்டுகளில் பங்கிட்டு மன்றத்திலேயே கொண்டுவந்து வைத்தார். நாள் முழுக்க மூட்டை சுமப்பவனுக்கு இது காணுமா என்பதைத் தட்டுகளே கேட்டன. நாளொன்றுக்கு 16 ஷில்லிங் குறைந்தபட்சக் கூலி என்று மன்றம் பரிந்துரைத்தது.

பெவினின் பெயர் ஊரெங்கும் பரவியது இந்தத் தட்டுகளால்தான். ஆனால் அவருடைய பெரிய வேலை யார் கண்ணிலும் படாத ஒன்று: சிதறிக் கிடந்த 14 சங்கங்களை 1922 ஜனவரி 1-ஆம் தேதி ஒன்றாக்கிய போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம்.

அதற்கு முன்பும் கூட்டு இருந்தது. 1910 முதல் போக்குவரத்துச் சங்கங்களுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு. கூட்டமைப்பில் அவரவர் பணம் அவரவர் பெட்டியில் இருக்கும், முடிவும் அவரவர் கையில். நல்ல நாளில் அது போதும். 1921 ஏப்ரல் 15 அன்று சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்வதாகச் சொல்லியிருந்த ரயில்வே, போக்குவரத்துத் தலைவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். ‘கறுப்பு வெள்ளி’ என்று அந்த நாள் வரலாற்றில் நின்றுவிட்டது. இணைப்பு வேலை அப்போதே நடந்துகொண்டிருந்தது என்றாலும், அதை எதிர்த்தவர்களின் வாதம் அன்றோடு சுருதி இறங்கியது.

சேர ஆசைப்பட்டால் மட்டும் போதாது, சட்டமும் விட வேண்டும். 10,000 உறுப்பினர் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1876-இன் சட்டப்படி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 6,667 பேர் சம்மதிக்க வேண்டும். வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்கூட எதிர்த்தவராகவே கணக்காவார். 1917-இல் விதி தளர்ந்தது: பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும், ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைவிட 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 5,000 பேர் மட்டும் வாக்களித்தால் 2,728 ஆதரவு போதும். கணக்கு லேசாகத் தெரிந்தாலும், அன்றன்று காலையில் துறைமுக வாசலில் நின்று வேலைக்குப் பொறுக்கி எடுக்கப்படும் கூலிகளில் பாதிப்பேரை வாக்களிக்க வைப்பது சாதாரணக் காரியமல்ல. 1964-இல்தான் பதிவான வாக்குகளில் எளிய பெரும்பான்மை போதும் என்றாயிற்று.

பெவினின் திறமை முழுவதும் தெரிவது சங்கத்தின் அமைப்பில்தான். கப்பல் சரக்கு இறக்குபவருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? முதலாளி வேறு, வேலை நேரம் வேறு, கோபம்கூட வேறு. எல்லோரையும் ஒரே குடத்தில் கொட்டினால் சிறிய தொழில்காரர்களின் குரல் அமுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கிளையையும் இரண்டு நூல்களில் கோத்தார். ஒரு நூல் அந்த வட்டாரம், மற்றொன்று தொழிற்குழு. துறைமுகம், பயணிகள் போக்குவரத்து, சரக்கு லாரி என்று தொழிலுக்கு ஒரு குழு. தன் தொழிலின் கூலிப் பேச்சை அந்தக் குழுவே பார்த்துக்கொள்ளும். பொது நிர்வாகக் குழுவில் வட்டாரத்துக்கும் இடம், தொழிலுக்கும் இடம். பணம் மட்டும் ஒரே கஜானாவில். அடுப்பு தனித்தனியாக எரியலாம், அரிசிப் பானை ஒன்றுதான். பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்தால் துறைமுகக்காரரின் சந்தாவும் அவருக்குத் துணை நிற்கும்.

இனி நாற்காலிச் சிக்கல். பதினான்கு சங்கம் என்றால் பதினான்கு செயலாளர்கள். யாரையும் தெருவில் விட்டால் அவர் தன் ஆட்களோடு வெளியே போய்விடுவார். 1889-இன் லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தில் புகழ்பெற்ற பென் டில்லட், பெவினுக்கே மூத்தவர், தலைவர் பதவியை எதிர்பார்த்தார். அது ஹாரி காஸ்லிங்குக்குப் போயிற்று; டில்லட்டுக்கு சர்வதேச, அரசியல் செயலாளர் என்று ஒரு பதவி. பொதுச் செயலாளர் பெவின்தான். நாகரிகமாக ஓரங்கட்டுவது எப்படி என்று அறிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தையல் எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. 1932-இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் கண்டார்கள். தூரத்துத் தலைமையகம் தங்களை ஆள்கிறது என்ற மனக்குறை அங்கே தணியவே இல்லை. ஒரே கஜானாவுக்கு இது விலை: சாவி இருக்கும் இடத்துக்கு அதிகாரமும் போய்ச் சேரும்.

ஆனாலும் சங்கம் பெருத்தது. 1970-களின் முடிவில் உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. துறைமுகங்களில் கன்டெய்னர் ஏற்கெனவே வந்திருந்தது; பிறகு ஆலைகளும் மூடின, எண்ணிக்கை சரிந்தது. இளமையில் வளர்வதற்காக இணைந்த சங்கம், முதுமையில் தாக்குப்பிடிக்க இணைந்தது. 2007 மே 1 அன்று ஆமிகஸ் சங்கத்தோடு சேர்ந்து ‘யுனைட்’ ஆயிற்று. ஆமிகஸும் தனியாக முளைத்ததல்ல. அதன் வேர்களில் ஒன்று 1851-இல் பல சங்கங்கள் சேர்ந்து உருவான பொறியியல் தொழிலாளர் சங்கம் வரை போகிறது.

இந்த முறையும் நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு. டோனி வுட்லி, டெரிக் சிம்ப்சன் இருவருமே பொதுச் செயலாளர்கள் என்று வைத்துக்கொண்டார்கள். 2010-இன் கடைசியில் தேர்தல் நடந்து லென் மெக்கிளஸ்கி வென்ற பிறகுதான் ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள் என்றாயிற்று.