விசில் யார் கையில்? இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கான விளையாட்டு முகாம்

கயிறு இழுக்கும் போட்டியில் குழந்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் மூச்சு வாங்க வாங்க மைதானத்தைச் சுற்றி வருகிறது. இதயக் கோளாறு உள்ள பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கேட்டால் பலரும் கயிற்றைத்தான் காட்டுவார்கள். பல கோளாறுகளில் விடை நேர் எதிர்.

ஓடும்போது தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. தசைக்குள் போகும் ரத்தக் குழாய்கள் அகலமாகின்றன. இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருந்தாலும், எதிர்ப்பு குறைந்த பாதையில் தள்ளுகிறது. கயிற்றை இழுக்கும்போது தசை இறுகி, இறுகியபடியே நிற்கிறது. உள்ளே இருக்கும் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்த அழுத்தம், மேல் அளவும் கீழ் அளவும் சேர்ந்தே, ஏறுகிறது. போதாததற்குப் பல்லைக் கடித்து மூச்சையும் அடக்குகிறது குழந்தை. மார்ஃபான் என்ற, இணைப்புத் திசு பலவீனமாகும் பிறவி நோயால் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்) விரிந்திருக்கும் பிள்ளைக்கு அந்த அழுத்தம் நேராகத் தமனிச் சுவரில் போய் முட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஓடிப்பிடிக்கும்போது களைத்தால் நின்றுவிடலாம். கயிற்றில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எதிரணி முடிவு செய்கிறது. முகாம் நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த இரண்டுதான்: சுமை எந்த வடிவத்தில் வருகிறது, அதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது இதயச் சுவரில் ஒரு சிறு துளை. அது தானாக மூடியிருந்தாலோ, அடைக்கப்பட்டுக் கோளாறின் எச்சம் எதுவும் இல்லாவிட்டாலோ பொதுவாகத் தனிக் கட்டுப்பாடு தேவையில்லை. ஆனாலும் ‘ஓடாதே, குதிக்காதே’ என்ற பழைய உத்தரவு அந்தப் பிள்ளைகளையும் விடுவதில்லை. அந்த உத்தரவுக்கும் பக்கவிளைவு இருக்கிறது. உட்கார்ந்தே வளரும் பிள்ளையின் தசை, ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதில் மந்தமாகிறது. அதே மாடிப்படிக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. ‘பார்த்தீர்களா, நோய் முற்றுகிறது’ என்று வீடு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, பிறவி இதயக் குறை உள்ளவர்களிடம் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் பேசாமல், எதைச் செய்யலாம் என்று ஊக்கப்படுத்தச் சொல்லிற்று. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலை, இந்தப் பிள்ளைகளுக்கு மருத்துவர் வகுக்கும் வரம்புக்குள் எப்படி எட்டுவது என்பதே முகாமின் வேலை.

பம்ப் இல்லாத நுரையீரல்

சிலர் ஒரே ஒரு வேலை செய்யும் கீழறையோடு பிறக்கிறார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1971இல் விவரித்த அறுவை சிகிச்சையிலிருந்து வளர்ந்த முறையே இன்று அவர்களுக்குச் செய்யப்படுகிறது. உடம்பிலிருந்து திரும்பும் இரண்டு பெருஞ்சிரைகளையும் இதயத்துக்குள் விடாமல் நேரே நுரையீரல் தமனியில் இணைத்துவிடுகிறார்கள். இருக்கும் ஒரே கீழறை உடம்புக்கு ரத்தம் அனுப்புகிறது. நுரையீரலுக்குத் தள்ள எதுவும் இல்லை. ரத்தம் தானாக வழிந்து போக வேண்டும்.

தானாக என்றால், மூச்சும் காலும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, சிரையிலிருக்கும் ரத்தம் மேலே உறிஞ்சப்படுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிதுக்குகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தைக் கீழே விடுவதில்லை. அதனால் இந்தப் பிள்ளைக்குக் கெண்டைக்கால் ஒரு துணை இதயம். நுனிக்காலில் எழுந்து இறங்குவது, சைக்கிள், படியேறுதல் எல்லாம் வெறும் உடற்பயிற்சியாக நில்லாமல் சுற்றோட்டத்தின் உதிரி பாகத்தையே பலப்படுத்துகின்றன.

எங்கே கெடும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். மூச்சை அடக்கி முக்கினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கிட்டத்தட்ட நின்றுபோகும். ஓடிக்கொண்டிருந்தவரைச் சட்டென்று நிறுத்தி வரிசையில் நிற்க வைத்தால் கால் பம்ப் அணைகிறது. விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கி, தலை சுற்றி விழுவார். உயரமான மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைய நுரையீரல் குழாய்கள் சுருங்கும். தள்ள ஆளில்லாத ரத்தத்துக்கு வாசல் இன்னும் குறுகும். ஆகவே மலை முகாம் என்றால் இவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இந்தப் பிள்ளைகளின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சராசரியாகச் சம வயதினரின் 60 முதல் 65 சதவீத அளவில்தான் இருக்கிறது. ஆனால் மிதமான வேகத்தில் அவர்களால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியும். குறுகிய வேக ஓட்டத்தில் தோற்பவர் நீண்ட நடையில் கூடவே வருவார். போட்டியைத் தேர்ந்தெடுப்பவர் கையில்தான் இருக்கிறது, அவர் தோற்பதும் தோற்காததும்.

கைக்கடிகாரம் பொய் சொல்லும்

220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிடும் வழக்கம் இங்கே செல்லாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏற விடாது. ஃபோன்டான் பிள்ளைகள் பலருக்கு மாத்திரை இல்லாமலேயே ஏறாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு, கருவியில் வைத்த மேல்வரம்போடு நிற்கும். 120 துடிப்புதானே என்று கடிகாரத்தைப் பார்த்து ஊக்கப்படுத்தினால், அந்தப் பிள்ளைக்கு அதுவே உச்சமாக இருக்கலாம்.

பேச்சே நல்ல அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு தேவைப்பட்டால் கடினம். பெரும்பாலானவர்களை அங்கிருந்து இறக்க வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலில் 11 முதல் 13 வரை என்பது வசதியான இடம். பத்து வயதுக்குக் கீழே அந்த எண்கள் குழப்பும். படி ஏறும் பொம்மைப் படங்களோடு கூடிய 0 முதல் 10 வரையிலான அட்டை எளிது.

‘நல்லா இருக்கியா?’ என்று மட்டும் கேட்கவே கூடாது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். ஆட்டத்தை விட்டு வெளியே போக யாருக்குத்தான் மனம் வரும்? ‘நேற்று ராத்திரி என்ன விளையாடினீர்கள், சொல்லு’ என்று கேட்டு, பதில் எங்கே உடைகிறது என்று கவனிக்க வேண்டும். உதட்டோரம், நகம், நெற்றி வியர்வை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது. ஃபேலோ நாற்கோளாறு என்பது நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதயக் கோளாறு; அது சரிசெய்யப்படாத பிள்ளை குத்துக்காலிடும்போது உடம்பின் ரத்தக் குழாய்களில் எதிர்ப்பு ஏறி, ஆக்சிஜன் இல்லாத ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. பிள்ளையின் உடம்பே கண்டுபிடித்த முதலுதவி அது. எழுப்பி நிறுத்தாமல் அப்படியே இருக்க விட்டு, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவும், முதல் நாள் காலையில் ஒவ்வொருவரின் ஓய்வு அளவையும் எழுதி வைத்திருந்தால். வழக்கமாகவே 82 காட்டும் பிள்ளைக்கு 81 செய்தியே இல்லை. வழக்கமாக 94 காட்டுபவர் ஓய்விலும் 86இல் நின்றால் அது செய்தி. நீச்சல் முடிந்த குளிர்ந்த விரலில் மாட்டினால் கருவி உளறும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் அரை நிமிடம் வைத்த பிறகே அளவை நம்பலாம்.

ஒரு மணி நேரத்தின் அமைப்பு

10 நிமிடம் மெதுவான தொடக்கம். பிறகு 2 முதல் 4 நிமிட ஆட்டம், நடுநடுவே 1 அல்லது 2 நிமிட மெதுநடை. இப்படி ஐந்தாறு சுற்று. ஓய்வு என்றால் நடைதான், உட்காருவதில்லை. முடிவில் 5 முதல் 10 நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று எல்லா முகாமிலும் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். மயக்கங்களில் பலவும் அங்கேதான் நடக்கின்றன.

நிறுத்தும் உரிமையை வாயால் கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்டவிதியிலேயே எழுத வேண்டும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு நாடா. களைத்தவர் நாடாவை உருவிக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு வந்து நடக்கலாம். அணியின் புள்ளி குறையாது, திரும்பவும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கடைசிவரை நிற்பவரே வெற்றி என்ற ஆட்டங்கள் இந்த முகாமுக்கு ஆகாது.

விசிலைப் பற்றியும் ஒரு சொல். இதயத்தின் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகும் நீண்ட கியூடி நோயில் இரண்டாம் வகை இருப்பவர்களுக்குத் திடீர்ச் சத்தமே அபாயகரமான துடிப்பைக் கிளப்பலாம்; அலாரம் கடிகாரமும் அதில் சேர்த்தி. அப்படி ஒருவர் இருந்தால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கொடி அசைப்பதே போதும். காலையில் எழுப்புவதும் மெல்லத் தொட்டுத்தான். முதல் வகையினருக்கு நீச்சல் தனி ஆபத்து. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டு மூச்சு அடங்கும்போது ஒரு நரம்புத் தொகுதி துடிப்பைக் குறைக்கப் பார்க்கும், உழைப்பும் பதற்றமும் கூட்டப் பார்க்கும். தண்ணீரில் மயங்குபவர் கத்துவதில்லை, சத்தமின்றி அமிழ்வார். இதய மருத்துவரின் எழுத்து அனுமதியும், அவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளும் இல்லாமல் குளத்தில் இறக்கக் கூடாது.

‘பாவம், ஓட வேண்டாம்’ என்று இந்தப் பிள்ளைகளைக் கோல் கீப்பராக நிறுத்துவது வழக்கம். பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் செயற்கை உலோக வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கும் மைதானத்திலேயே மோசமான இடம் அதுதான். பந்து மார்புக்கு வரும், விழ வேண்டும், கம்பத்தில் மோத வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பேஸ்மேக்கர் பெரும்பாலும் வயிற்றுச் சுவரில் இருக்கும், தோளுக்குக் கீழே மட்டும் தேடக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடும் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், சிரித்துக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைதான்.

மருந்துப் பெட்டியில் தவறுவது பெரும்பாலும் நேரம். உழைப்பிலும் பரபரப்பிலும் துடிப்புத் தாறுமாறாகும் நோய் உள்ளவர் காலை பீட்டா பிளாக்கரை விட்டிருந்தால் அன்று ஆட்டம் இல்லை. புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடும் சிறு பிள்ளை வெறும் வயிற்றில் விளையாடினால் ரத்தச் சர்க்கரை இறங்கும். படபடப்பு என்ற எச்சரிக்கையையும் அதே மருந்து மறைத்துவிடும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்த பிள்ளை இருவருக்கும் வாந்தி பேதி சாதாரண விஷயம் இல்லை. பின்னவருக்கு ரத்தம் ஏற்கனவே கெட்டியாக இருக்கும். நீர் வற்றினால் மூளையில் உறைகட்டி அடைக்கலாம். காய்ச்சல் அடித்தால் அன்றைக்கு மைதானம் இல்லை, எல்லோருக்கும்.

விழுந்தால்

ஓடி நின்றபின் தள்ளாடி விழுவது பெரும்பாலும் ரத்தம் காலில் தேங்கியதால். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளியும். அந்தப் பிள்ளையும் அன்றே மருத்துவர் கண்ணில் பட வேண்டும். ஓட்டத்தின் நடுவே, கையை ஊன்றக்கூட முயலாமல் சரிவது வேறு. இதயம் நின்றதாகவே கொள்ள வேண்டும். வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்றும், இடைவிட்டு வாய் திறந்து திணறுவதைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்றும் நினைத்துக் கைகட்டி நிற்பதால் நிமிடங்கள் போகின்றன. மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 சென்டிமீட்டர் அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்; மூச்சும் கொடுக்க வேண்டும். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்கும் ஏ.இ.டி. கருவி வந்தவுடன் அதன் பட்டைகளை ஈர மார்பைத் துடைத்து ஒட்ட வேண்டும். 8 வயதுக்குக் கீழே குழந்தைப் பட்டை. இல்லாவிட்டால் பெரியவர் பட்டையையே ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டலாம். பேஸ்மேக்கர் மேட்டின் மேல் மட்டும் ஒட்டக் கூடாது.

கருவி முகாமில் இருக்கிறது என்பது பதில் ஆகாது. மைதானத்தின் தொலைவான மூலையிலிருந்து ஒருவர் ஓடிப் போய் எடுத்து வந்து பட்டையை ஒட்ட 3 நிமிடத்துக்கு மேல் ஆனால், கருவியை இடம் மாற்ற வேண்டும். கடிகாரம் பிடித்துப் பார்த்தால் முதல் ஒத்திகையில் தடுப்பது வழக்கமாகப் பூட்டிய அலுவலக அறை.

முகாம் முடியும் நாளில் வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோரை உள்ளே அழைத்து, கடைசி அரை மணி நேரத்தைப் பார்க்க வைப்பது நல்லது. பிள்ளை தானே நாடாவை உருவிப் போட்டுவிட்டு நடந்து, மூச்சு திரும்பியதும் தானே உள்ளே ஓடுவதை அவர்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பள்ளி விளையாட்டு ஆசிரியருக்குப் போகும் தாளிலும் ‘அதிகம் ஓட வேண்டாம்’ என்று எழுதினால் பயனில்லை. எப்படி எழுதலாம் என்றால்: ‘3 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடக்கலாம். சொல்லாமல் வெளியேற அனுமதி உண்டு. கயிறு இழுத்தல், தண்டால் வேண்டாம். ஓடி முடித்தபின் வரிசையில் நிற்க வைக்காமல் 5 நிமிடம் நடக்க விடவும். கோல் கீப்பர் வேண்டாம், முன்வரிசையில் விளையாடட்டும்.’