சைக்காலஜி படிக்கப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், மருத்துவ உளவியலாளரான எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "பொண்ணு சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா மேடம், மூணு வருஷம் முடிச்சா சொந்தமா கிளினிக் வெச்சிடலாமா?" முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரி விளம்பரங்கள் எதுவும் இதைச் சொல்வதில்லை. பி.எஸ்சி. சைக்காலஜி அருமையான படிப்பு, இரண்டாவது தடவை யோசிக்காமல் சேரலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அது யாருக்கும் சிகிச்சை கொடுப்பதற்கான உரிமம் கிடையாது. படிக்கிறவருக்கே மனக்கஷ்டம் இருந்தால் அதற்கு மருந்தும் கிடையாது. இந்த இரண்டும் தெரியாமல் சேர்ந்து, மூன்றாம் வருடத்தில் என் அறையில் வந்து உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாதை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். 1992-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதுவரை வழக்கமான வழி, இளநிலை மூன்று வருடம், முதுநிலை இரண்டு வருடம், அதற்கு மேல் மருத்துவமனையோடு சேர்ந்த எம்.ஃபில் இரண்டு வருடம். ஆக ஏழு வருடம். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் மாதிரி இடங்களில் சீட்டும் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. இப்போது அந்த எம்.ஃபிலும் மாறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தியபோது மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. இடையில் ஆர்.சி.ஐ. நான்கு வருட பி.எஸ்சி. ஹானர்ஸ் மருத்துவ உளவியல் என்று தனியாக ஒரு படிப்பையும் கொண்டுவந்திருக்கிறது. சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜியும் இதுவும் ஒன்றல்ல, அட்மிஷன் கவுண்டரில் குழப்பிவிடுவார்கள், எந்தக் கல்லூரிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, தொலைதூரக் கல்வி. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் சைக்காலஜி படிக்கலாம் என்பது தமிழ்நாட்டில் ரொம்ப காலமாக இருந்த வழக்கம், அதிலும் கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் படித்தார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தப் படிப்பும் வருகிறது என்பதுதான் காரணம். அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்குவது இந்தத் துறைக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். "இன்னும் நடக்குது, வாங்க சேர்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அந்த மூன்று வருடத்தில் அப்படி என்னதான் கிடைக்கிறது? ஆய்வுக்கூடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மியூலர்-லையர் பலகை என்று ஒன்று இருக்கும், கோடுகளின் நீளத்தில் கண் எப்படி ஏமாறுகிறது என்று அளக்கும் பலகை அது. ஒரு கோட்டுக்கு இரு முனையிலும் அம்புத்தலை உள்நோக்கி மடிந்திருக்கும், பக்கத்துக் கோட்டுக்கு வெளிநோக்கி விரிந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒன்றை நகர்த்தி நகர்த்தி இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். பின்னாலிருக்கும் அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் பிழை என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள், ஒருமுறை நீளமான பக்கத்திலிருந்து, ஒருமுறை குட்டையான பக்கத்திலிருந்து, இப்படி மாற்றி மாற்றி. சீனியருடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை அப்படியே காப்பியடிக்கும் சோதனை எது என்று கேட்டால் எந்தக் கல்லூரியிலும் இதைத்தான் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு கோடும் ஒரே நீளம் என்று உங்களுக்குத் தெரியும், அளந்தும் பார்த்துவிட்டீர்கள், அப்படியும் கண் ஒத்துக்கொள்ளாது. விஷயம் தெரிந்துவிட்டால் மனசு சாய்வதை நிறுத்திவிடும் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்று அங்கே கண்முன்னே தெரியும். எனக்கு முன்னால் உட்காரும் ஒருவரைப் பற்றி முதல் பத்து நிமிடத்தில் ஒரு முடிவு தோன்றினால் அதை நம்பாமல், வரிசையாகக் கேள்வி கேட்டு, வீட்டாரிடமும் கேட்டு, சோதனையும் வைத்துப் பார்க்கிற பழக்கம் அந்தப் பலகையில்தான் தொடங்குகிறது. அப்புறம், அந்தச் சோதனைக்கான அறிவுறுத்தலை எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லப் பழக்குவார்களே, அது சும்மா சடங்கு இல்லை. நாளைக்கு ஒரு குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை வைக்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொன்னாலும் மதிப்பெண் மாறிவிடலாம்.

புள்ளியியல் என்றாலே ஓடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 15 என்று கட்டிய நுண்ணறிவுச் சோதனையில் 70 என்பது சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் கீழே, அறிவுசார் குறைபாடு என்று சொல்வதற்கான எல்லையும் ஏறக்குறைய அங்கேதான். முதல் வருடத்தில் இது வெறும் பரீட்சைக் கணக்கு. என் மேசையில் அது வேறு மாதிரி வரும். விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்த அம்மா வெளியே உட்கார்ந்திருப்பார், தூக்கம் கெட்ட குழந்தைக்கு 71 வந்திருக்கும். எந்தச் சோதனையிலும் சில புள்ளிகள் இப்படியோ அப்படியோ அளவீட்டுப் பிழை உண்டு என்று தெரிந்தவர், அந்த ஒரே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட மாட்டார். குழந்தை தானாகச் சட்டை போடுகிறதா, கடையில் சில்லறை வாங்குகிறதா என்று அன்றாடத் திறனையும் பார்ப்பார், சந்தேகமிருந்தால் தூங்கி எழுந்து இன்னொரு நாள் வரச் சொல்வார். புள்ளியியலை மனப்பாடம் பண்ணித் தாண்டியவருக்கு 71 என்பது வெறும் 71தான். அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பது அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாடப்புத்தகத்தையும் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்து 1971-இல் நடந்த ஸ்டான்ஃபோர்டு சிறைச்சோதனையை இன்றும் பல கல்லூரிகளில் வேத வாக்கு மாதிரி நடத்துகிறார்கள். காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே கோடி காட்டப்பட்டது பின்னால் ஆவணங்களில் வெளிவந்தது பலருக்குத் தெரியவில்லை. 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், பாதிக்கும் குறைவானவற்றில்தான் பழைய முடிவு மறுபடி கிடைத்தது. இதைக் கேட்டுத் துறையே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். தன் தவறைத் தானே தேடிப் போய் வெளியிட்ட துறை இது, எனக்கு அதில் பெருமைதான்.

இனி, நான் மிகவும் கவலைப்படுகிற இடம். மனப்பிறழ்வு உளவியல் தாள் ஆரம்பித்ததும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு நோய் தங்களுக்கு இருப்பதாகத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும், பயப்பட வேண்டியதில்லை. மனச்சோர்வு நோய் என்று சொல்ல இரண்டு வாரமாவது அறிகுறிகள் தொடர்ந்து இருக்க வேண்டும், அதனால் அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், பட்டியலில் நாலு வரி ஒத்துப்போனால் போதாது. ஆனால் நிஜமாகவே வலியோடு இந்தப் படிப்புக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் குடிக்கும் அப்பா, சின்ன வயதில் நடந்த கொடுமை, யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று. "படிச்சா எனக்கே சரியாயிடும்னு நெனச்சேன் மேடம்" என்பார்கள். பாடம் உங்கள் காயத்துக்குப் பெயர் வைக்கும், ஆற்றாது. படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், உங்களுக்கு என்று ஒரு ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ தனியாகப் பாருங்கள். அது உங்கள் தொழிலுக்கு இழுக்கு இல்லை.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண், சைக்காலஜி ஸ்டூடண்ட் என்பதால் அந்த மாடி முழுக்க அவளிடம்தான் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒருத்தி கையைக் கீறிக்கொண்டதைக் காட்டி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வகுப்பில் ரகசியம் காக்க வேண்டும் என்று படித்திருக்கிறாளே, அதனால் இவளும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு இவளுக்குத் தூக்கம் போனது, தோழியின் அறையில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள், செமஸ்டரில் இரண்டு அரியர். என்னிடம் வந்தபோது தோழியைப் பற்றித்தான் பேசினாள், தன்னைப் பற்றி அல்ல. உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் ரகசியம் காக்கும் கடமை அங்கே நின்றுவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதிவு பெற்ற எங்களுக்கே அதுதான் விதி. நண்பராக உட்கார்ந்து கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அப்புறம் துறை ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ கையோடு அழைத்துப் போங்கள். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், அந்த நேரத்தில் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தே போன் செய்து அவளிடம் கொடுக்கலாம்.

இளநிலைக்கு மேல் சைக்காலஜியைத் தொடராவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலை, மனிதவளம், சிறப்புக் கல்வி, பள்ளி ஆசிரியர் வேலை என்று எங்கே போனாலும் இந்தப் படிப்பு கைகொடுக்கும். பட்டம் வாங்கிய மறுமாதமே இன்ஸ்டாகிராமில் 'தெரபிஸ்ட்' என்று போட்டு மணிக்கு இவ்வளவு என்று வசூலிப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்படிப் பேசிப் பேசி மாதக்கணக்கில் தள்ளிப்போன பிறகு, காதில் குரல் கேட்கிறது என்று சொன்ன பையன்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வாரத்திலேயே மருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக இன்டர்ன்ஷிப். இரண்டு நாள் ஜூம் வகுப்பு, ஐயாயிரம் ரூபாய், பளபளவென்று ஒரு சான்றிதழ் என்று கூவி விற்கிறார்கள், அதில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். என்னிடம் வரும் இளநிலை மாணவர்கள் ஆலோசனை கொடுப்பதில்லை. நோயாளி சம்மதித்தால் மூலையில் உட்கார்ந்து கவனிப்பார்கள், நோய் வரலாறு எழுதிப் பழகுவார்கள், மாலையில் அதை என்னோடு வரி வரியாகப் பேசுவார்கள். சிலருக்கு அது அலுப்பாக இருக்கும், அவர்கள் அலுப்பைத் தாண்டி வரும் வரை நான் காத்திருப்பேன். எங்கே போவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் உங்களை மேற்பார்வையிடப் போகிறவரின் சி.ஆர்.ஆர். எண்ணைக் கேளுங்கள். ஆர்.சி.ஐ. பதிவேட்டில் இருக்கும் எண் அது, இணையத்தில் பார்க்கலாம். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.