கையெழுத்துப்படியைக் கொடுக்குமுன்: பதிப்புரிமைப் பதிவில் ஏமாறும் இடங்கள்

டெல்லி ஆர்.கே.புரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், அண்மையில் என்னிடம் தடித்த பழுப்பு உறை ஒன்றை நீட்டினார். தமக்குத் தாமே பதிவு அஞ்சலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்த நாவல் அது. அதன் மூன்று அத்தியாயங்கள் வரிக்கு வரி வேறொருவர் பெயரில் அச்சாகியிருந்தன. பதிப்பகமோ அப்படி ஒரு பிரதி தங்களுக்கு வரவே இல்லை என்கிறது. புத்தகக் கண்காட்சியில் அவர்களிடம் பிரதியை நேரில் கொடுத்த இவர் ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை. தமக்குத் தாமே அனுப்பிய உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை; பிரதி அவர்கள் கைக்குப் போனதை அது காட்டவும் காட்டாது. எனவே எங்கு கொடுத்தாலும், அன்றே முழுப் பிரதியையும் மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கென்று வந்தால் பதிவேட்டை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை செல்லும் சான்றாக, ஏற்கும். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்.

பதிப்புரிமை அலுவலகம் துவாரகா 14ஆம் செக்டாரில்தான் இருக்கிறது என்றாலும், விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். இதற்காக ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதில்லை. விண்ணப்பித்ததும் கிடைக்கும் டைரி எண்ணைச் சான்றிதழ் என்று நம்பி நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் பலர். அது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான எண் மட்டுமே. அதன்பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகே பரிசீலனை. குறை கண்டால் கடிதம் வரும். உரிய நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிட்டுப்போகும். படிவத்தில் ஏஜெண்டின் மின்னஞ்சல் முகவரி இருந்தால், அப்படியொரு கடிதம் வந்ததே உங்களுக்குத் தெரியாது. இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்ட கதையை 'வெளியாகாதது' என்று குறிப்பதும் தவறு. சட்டத்தின் பார்வையில் அதுவும் வெளியீடுதான்.

திருட்டைவிட நான் அதிகம் பார்த்தது, எழுத்தாளரே கையெழுத்திட்டு இழப்பதைத்தான். உரிமை ஒப்படைப்பு எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அதனால்தான் விவரமறிந்த பதிப்பாளர்கள் 'உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும்' என்று அச்சடித்தே நீட்டுகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் சொல்லட்டும்.

காவல் நிலையத்துக்குப் போனால், 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழான உரிமை மீறல், போலீசார் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லியிலிருந்து போன வழக்கு அது. தீர்ப்பின் நகலோடு போங்கள்.

ஆனால் 'என் கருவைத் திருடிவிட்டார்கள்' என்ற புகார் எங்கும் நிற்காது. டெல்லியில் மேடையேறிய தம் நாடகத்தைப் படமாக்கிவிட்டதாக ஒருவர் தொடுத்த வழக்கில், கருவுக்கு உரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்கே உண்டு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.கே.புரத்துக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை, வாக்கியங்களே அப்படியே இருக்கின்றன. பதிப்பகம் சென்னையில் இருந்தாலும், தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே அவர் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மீறல் நடந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால், உறையைப் பிரிக்குமுன் நான் அவரிடம் கேட்டது அந்தப் புத்தகம் அச்சான மாதத்தைத்தான்.